மறு: யாரோவியாவில் மரபணு நீக்கம் சரிவரவில்லை

தம்பி, செம்பனை எண்ணெயைத் தின்னும் யாரோவியா லிப்போலிட்டிக்கா என்ற ஈஸ்ட்டில், உள்ளே விடும் டிஎன்ஏவின் இருபுறமும் அந்த மரபணுவின் அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகும் 50 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) வைத்து மரபணுவை நீக்கப் பார்த்தும், வந்த காலனியில் ஒன்றுகூடத் தேறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குறை உங்கள் கையில் இல்லை. ரொட்டி ஈஸ்ட்டுக்கு அந்த 50 போதும். இது வேறு ரகம், நாம் கொடுக்கும் டிஎன்ஏவைக் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இருபுறமும் சுமார் 1000 பேஸ் வையுங்கள். முடிந்தால் கேயு70 (அறுந்த டிஎன்ஏ முனைகளை ஒட்ட உதவும் மரபணு) நீக்கிய யாரோவியாவைக் கேட்டு வாங்குங்கள். அதில் இந்தக் கண்டபடி ஒட்டும் வேலை வெகுவாக அடங்கும். டிஎன்ஏ ஏறிய செல்லை மட்டும் பிழைக்கவிடும் மருந்துத் தேர்வுக்கு ஹைக்ரோமைசின் சரி.

அப்புறம், டிஎன்ஏ சரியான இடத்தில் ஒட்டியதா என்று பிசிஆரில் (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பார்க்கும் சோதனை) அது ஒட்டிய இரண்டு முனையிலும் பாருங்கள். நானும் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைதான்; ஒரு முனையை மட்டும் நம்பி மூன்று மாதம் ஏமாந்தவன்.