உறவுக்குப் பிறகு ரத்தம்: இனியும் தள்ளிப்போடாதீர்கள்

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், வேறு பேச்சுக்கு நடுவே, "மூன்று மாதமாக உறவு கொண்ட மறுநாள் லேசாக ரத்தக்கறை தெரிகிறது" என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம். உங்களுக்கு 34 வயது. இந்த வாரமே ஒரு மகளிர் மருத்துவரிடம் போய்க் கருப்பை வாயைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் சின்னதாகத்தான் இருக்கும். கருப்பை வாயில் அழற்சி இருக்கலாம், பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சி இருக்கலாம், உள்பக்கத்து மெல்லிய தோல் வெளியே வந்து உரசும்போது கசியலாம். ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோயும் இதே அறிகுறியைத்தான் காட்டும். கண்ணால் பார்க்காமல் எது என்று என்னாலும் சொல்ல முடியாது, கூகுளாலும் சொல்ல முடியாது. நம் நாட்டுப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடி அதிகம் வருவது இதுதான். அதே சமயம், உடலுறவில் பரவும் எச்பிவி என்ற வைரஸ் தொற்றி அது புற்றாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் பிடிக்கும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் முழுமையாகத் தடுத்துவிடலாம்.

நீங்களோ தோழி சொன்னாள் என்று மருந்துக்கடையில் உள்ளே வைக்கும் மாத்திரை வாங்கி 6 நாள் வைத்திருக்கிறீர்கள். அது கேட்காததால் வாசனை வாஷ் ஊற்றிக் கழுவியிருக்கிறீர்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே பார்க்காமல் எந்த நோய்க்கு வைத்தியம் செய்தீர்கள்? வாஷ் அங்கே இருக்கும் நல்ல கிருமிகளைத்தான் கெடுக்கும். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள்.

மூன்று மாதம் ஏன் போகவில்லை என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது. சிஸ்டர்கள் நடத்திய விடுதியில் வளர்ந்தவர் நீங்கள். 'கெட்ட எண்ணம்' வந்தால் பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்ல வேண்டும் என்று பழகியவர். இரண்டு வருடத்துக்கு முன் பெண்ணிய வாசிப்பு வட்டம் ஒன்றில், பெண்ணின் ஆசை வெட்கப்பட வேண்டியதில்லை என்று பெண்கள் வாய்விட்டுப் பேசக் கேட்டீர்கள். 32 வயதில் முதல்முறையாகக் கண்ணாடி வைத்து உங்கள் உடம்பைப் பார்த்தீர்கள். சுயஇன்பம் தெரிந்தது, உச்சகட்டம் என்றால் என்ன என்று தெரிந்தது, எது பிடிக்கும் எது வேண்டாம் என்று கணவரிடம் சொல்லவும் வந்தது. அப்புறம் ரத்தம். அந்தச் சந்தோஷத்துக்குத் தண்டனை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள்.

உங்கள் விரல் இந்த ரத்தத்தைக் கொண்டுவரவில்லை. சுயஇன்பத்தால் கருப்பை வாயில் நோய் வராது, குழந்தைப்பேறும் கெடாது. உங்களைப் பயமுறுத்தியதில் மருத்துவத்துக்கும் பங்குண்டு. 18-ஆம் நூற்றாண்டில் தீசோ என்ற சுவிஸ் மருத்துவர் சுயஇன்பம் உடலை அழிக்கும் என்று எழுதியது ஐரோப்பா முழுக்கப் பரவியது. பெண்ணுக்கு இன்பம் தரும் உறுப்பான கிளிட்டோரிஸின் பெரும்பகுதி உடலுக்குள்ளே இருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் விரிவாக எழுதியதே 1998-இல்தான். மருத்துவர்கள் நாங்களே இவ்வளவு தாமதமாகப் படித்ததை நீங்கள் 32 வயதில் தெரிந்துகொண்டதற்கு ஏன் கூச வேண்டும்?

திருச்சபை சுயஇன்பத்தை இன்றும் பாவம் என்றே போதிக்கிறது. அதை மறைத்து உங்களைத் தேற்ற மாட்டேன். அது உங்கள் மனசாட்சிக்கும் விசுவாசத்துக்கும் இடையிலான பேச்சு, அவசரமில்லாமல் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் கணவரோடு இன்பம் தேடுவதே தவறு என்று உங்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1951-இல் மருத்துவச்சிகளிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தம்பதியர் அந்த இன்பத்தை நாடுவதில் தவறில்லை என்றார். உங்கள் விடுதியில் இதைச் சொல்லாமல் விட்டது வருத்தம்தான்.

கடிதத்தில் நீங்கள் கேட்ட மற்றவை சட்டென்று. மாதத்தின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கசிவது இயல்பு. பிறப்புறுப்பின் உதடுகள் கருத்தும் ஒன்று பெரிதாகவும் இருப்பதும் இயல்பு. வைப்ரேட்டர் என்ற அதிர்வுக் கருவியால் நரம்பு செத்துப்போகும் என்பது வீடியோக்காரர்கள் கிளப்பியது, சோப்புப் போட்டுக் கழுவி வைத்துக்கொண்டால் போதும்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். ஐந்து, பத்து நிமிட வேலை. யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துக் கருப்பை வாயைப் பார்ப்பார்கள், அங்கிருந்து செல்களைத் தடவி எடுத்துச் சோதிக்கும் பாப் ஸ்மியரோ எச்பிவி பரிசோதனையோ எடுப்பார்கள். சந்தேகமான இடம் இருந்தால் துளி சதையும் எடுப்பார்கள். காலைச் சேர்த்து உட்கார் என்று கேட்டே வளர்ந்த உடம்பு அந்த மேசையில் இறுகத்தான் செய்யும். சின்ன அளவு ஸ்பெகுலம் கேளுங்கள், வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கணவரிடம் வேண்டாம் என்று சொல்லப் பழகிய அதே வாய் இங்கேயும் உதவும். ஸ்மியர் நார்மல் என்று வந்தும் ரத்தம் நிற்காவிட்டால் அதோடு விடக் கூடாது. கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி செய்ய வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். எச்பிவி இருப்பதாக வந்தால் கணவரைச் சந்தேகிக்க வேண்டாம், உங்களையும்தான். அந்த வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும்.

கல்யாணமாகி 20 வருடம் ஆன பெண்கள்கூட என்னிடம் வந்து "கீழே கொஞ்சம் பிரச்சினை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து உட்காருவார்கள். கேட்டுக் கேட்டுத்தான் ரத்தம் வருவதே வெளியே வரும். சிலரிடம் அது வெளியே வந்தபோது நோய் முற்றியிருந்தது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக "உறவுக்குப் பிறகு மூன்று மாதமாக ரத்தம் வருகிறது" என்று சொல்லிவிடுங்கள். பரிசோதனைக்கு முந்தைய 2 நாள் உறவு வேண்டாம். மாதவிலக்கு இல்லாத நாளாகப் போங்கள். ஆனால் அதற்குள் ரத்தம் அதிகமானால் நாள் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.