அத்தை பொய் சொல்கிறாரா?

கேள்வி: கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போய்த் திரும்பிய என் அத்தையின் செயினை, பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று இரவு, 'வண்டி என்ன நிறம் என்றே பார்க்கவில்லை' என்றார். இப்போது 'கறுப்பு பல்சர்' என்று அடித்துச் சொல்கிறார். போலீசில் பொய் சொல்லி மாட்டிக்கொள்வாரோ?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: பொய் இல்லை அம்மா. அத்தையின் மனதில் இப்போது அந்த வண்டி கறுப்பாகவே ஓடுகிறது. விசாரிக்க வந்தவர்களில் யாராவது, "இப்பல்லாம் கறுப்பு பல்சர்லதான் வர்றானுங்க" என்று சொல்லியிருப்பார்கள். காதில் விழுந்தது, கண்ணால் கண்டதோடு சேர்ந்துவிடும்.

அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-ல் வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டி, 50 பேரிடம் 'கார்கள் மோதியபோது என்ன வேகம்?' என்றும், வேறு 50 பேரிடம் 'நொறுங்க மோதியபோது' என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் குழுவில் 7 பேர், இரண்டாவதில் 16 பேர் 'ஆமாம்' என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது! கேட்ட விதமே இவ்வளவு செய்யும்.

நான் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தபோது, "என்ன நடந்தது, சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிடுவேன். பேனா ஓடினால் அதன் வேகத்துக்குத் தக்கபடி பேச்சைச் சுருக்கிவிடுவார்கள். 'வண்டி கறுப்பா, சிவப்பா?' என்று கேட்கவே கூடாது. இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசல்மனும் 1980-களில் இதற்கென்றே ஒரு விசாரணை முறையை வகுத்தார்கள். வீட்டில் யாரும் குறுக்கே பேசாமல் அத்தையை உட்கார வையுங்கள். கண்ணை மூடி, கையில் அர்ச்சனைக் கூடை இருந்ததா, வெயில் எந்தப் பக்கம், என்ன சத்தம் என்று அந்த இடத்துக்கே மனதால் போகட்டும். அற்பமாகத் தெரிவதையும் சொல்லட்டும். அப்புறம் கடைசியிலிருந்து பின்னோக்கி ஒரு முறை. எந்தப் பதிலுக்கும் 'அப்படியா!' என்று வியக்காதீர்கள். அவர் சொன்னதை அப்படியே, தேதி போட்டு எழுதி வையுங்கள்.

ஆள் பிடிபட்டால், பலரோடு சேர்த்து நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கு அத்தையைக் கூப்பிடலாம். அதுவரை வாட்ஸ்அப்பில் சுற்றும் எந்த போட்டோவையும் அவரிடம் காட்டாதீர்கள். முன்பே படம் பார்த்திருந்தால், பார்த்தது திருடனையா படத்தையா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், கேட்பது நியாயமும்கூட. முதல் நாள் 'நிறம் தெரியவில்லை' என்றதையும் அத்தையே விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிடட்டும்.