போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுவந்த தாயின் குழந்தை, 2ஆம் நாளில் கை கால் நடுங்கி, நிற்காமல் அழுகிறது. வார்டில் எப்படிக் கவனிப்பது?

முதலில் சர்க்கரை பாருங்கள். சர்க்கரையோ கால்சியமோ குறைந்தாலும், கிருமித் தொற்றிலும் இதே நடுக்கம் வரும். டாக்டர் அவற்றை இல்லையென்று சொன்ன பிறகுதான் போதை விடுபடும் அறிகுறி (வயிற்றில் இருந்தபோது தாய் வழியாக வந்த மருந்து, பிறந்ததும் நின்றுபோவதால் வருவது) என்று எழுத வேண்டும்.

இது பெரும்பாலும் பிறந்து 24 முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். தாய் பியூப்ரெனார்ஃபின் (போதைக்கு மாற்றாகத் தரும் மருந்து) எடுப்பவரானால் 4 முதல் 7 நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டார் அவசரப்படுத்தினாலும் 3ஆம் நாள் டிஸ்சார்ஜ் வேண்டாம்.

ஃபின்னகன் அட்டவணை (ஒவ்வோர் அறிகுறிக்கும் மார்க் போடும் பட்டியல்) போடுகிற வார்டு என்றால், பால் குடித்த பிறகு மார்க் போடுங்கள். பசி அழுகைக்கும் மார்க் ஏறும். அதைவிட மூன்று விஷயம் பார்ப்பது எளிது: வயதுக்கேற்ற பால் குடிக்கிறதா, ஒரு மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறதா, 10 நிமிடத்துக்குள் சமாதானமாகிறதா. இவை தேறாதபோதுதான் அறிகுறிகளைத் தணிக்கும் மார்ஃபின் மருந்து பற்றிய பேச்சு, அதுவும் டாக்டர் முடிவு.

சமாதானப்படுத்துவதில்தான் கைப்பக்குவம். மெல்லிய பருத்தித் துணியில் கைகளை மார்போடு சேர்த்துச் சுற்றுங்கள், இடுப்பும் காலும் மடங்க இடம் விட்டு. ஒரு கை பிடரியில், ஒரு கை பிட்டத்தில், முதுகு வளைந்திருக்கட்டும். மேலும் கீழுமாக மெல்ல அசையுங்கள். தூளி ஆட்டுகிற வேகம் ஆகாது. ஆட்டும்போது பேசாதீர்கள், பேசும்போது ஆட்டாதீர்கள். தொடர்ந்து தும்மினால், கொட்டாவி விட்டால், தோல் திட்டுத்திட்டானால் 'போதும்' என்கிறது, அசைப்பதையும் பேச்சையும் நிறுத்திவிடுங்கள். சித்திரை வெயிலில் கனத்த துணி சுற்றினால் உடம்பு சுடும். அதையும் அறிகுறியென்று எழுதிவைப்போம்!

மலம் தண்ணீராகப் போகும், பிட்டம் புண்ணாகும். தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை. பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் உடனே சொல்லுங்கள். பாட்டி சேனை, வசம்பு, 'தூங்கட்டுமே' என்று கசகசா கொண்டுவருவார். எதுவும் வேண்டாம், கசகசா அபினிச் செடியின் விதை.

பிறந்தவுடன் மூச்சு மந்தமானாலும் இந்தக் குழந்தைக்கு நாலாக்ஸோன் (போதை மருந்தை முறிக்கும் ஊசி) போடக் கூடாது, வலிப்பு வரலாம். ஆம்பு பையால் (கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை) மூச்சு கொடுங்கள்.

தாயைத் திட்டினால் அவர் வார்டை விட்டே போய்விடுவார். அப்புறம் யார் மடியில் வைப்பது? அவருக்கும் திடீரென நிறுத்தாமல் மனநல மருத்துவர் மூலம் மாற்று மருந்து வேண்டும். அதில் நிலையாக இருந்தால் தாய்ப்பால் தரலாம், ஊசி தொடர்ந்தால் தரக் கூடாது. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் சோதியுங்கள். சி இருந்தாலும் பால் தரலாம். காம்பு வெடித்து ரத்தம் வந்தால், ஆறும்வரை அந்தப் பக்கப் பாலைப் பிழிந்து கொட்ட வேண்டும். வீட்டுக்குப் போனபின் உதவிக்கு 14446, போதை மீட்பு உதவி எண்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பினால், தாயையும் அதே 108இல் ஏற்றுங்கள். என்ன மாத்திரை, கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதிவிடுங்கள்.