எத்தனை அடுப்பு எரிகிறது? ஊராட்சிப் பதிவேடுகளும் ஏழை வீடுகளும்: கேள்வி பதில்

தமிழக அரசின் ஊரக வறுமை ஒழிப்புத் திட்டமான புதுவாழ்வுத் திட்டம் 2005-ல் தொடங்கியபோது எங்கள் ஊராட்சியின் வறுமை ஒழிப்புச் சங்கத்தில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அப்புறம் பக்கத்து ஒன்றியங்களுக்கும் போய் ஊராரே கூடி ஏழை வீடுகளை அடையாளம் காணும் மக்கள் நிலை ஆய்வை நடத்தக் கற்றுக்கொடுத்தேன். ஊராட்சியிடம் இருக்கும் விவரங்களை வைத்து வீடுகளின் வறுமையைக் குறைக்க முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். முடியும். நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அக்கா, நான் முதல்முறை வார்டு உறுப்பினர். கணக்கெடுப்பு நடத்த எங்களிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. எங்கே தொடங்குவது?

தம்பி, புதுக் கணக்கெடுப்பு இப்போதைக்கு வேண்டாம். உங்கள் ஊரில் ஏற்கெனவே ஏழெட்டுப் பதிவேடு இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி கேட்புப் பதிவேடும் நூறு நாள் வேலை அட்டைப் பட்டியலும் இருக்கும். அங்கன்வாடியில் குழந்தைகளின் எடை, பள்ளியில் வருகை, கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பிணிகள் விவரம், மகளிர் குழுவில் கடன் தவணைக் கணக்கு. எல்லாம் அவரவர் துறைக்குக் கணக்குக் காட்ட எழுதியவை. ஒரே மேசைக்கு வந்ததே இல்லை.

ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், செவிலியர், குழுத் தலைவி நான்கு பேரையும் ஒரு மதியம் உட்கார வையுங்கள். வீடு வீடாகப் போங்கள். எங்கள் ஊரில் இப்படி உட்கார்ந்தபோது ஒரு வீடு வந்தது. இரண்டு வருட வீட்டு வரி பாக்கி. குழந்தையின் எடை இரண்டு மாதமாக ஏறவில்லை. பெரிய பெண் மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. குழுக் கடனில் இரண்டு தவணை நின்றுவிட்டது. பிள்ளையை அனுப்பச் சோம்பேறித்தனம் என்று ஆசிரியர் நினைத்திருந்தார். ஏமாற்றுகிறார்கள் என்று குழுத் தலைவி கோபத்தில் இருந்தார். நான்கையும் சேர்த்துப் படித்த பிறகுதான் அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். அதை எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது.

எந்தப் பதிவேட்டிலும் பெயரே இல்லாத வீடும் ஒன்றிரண்டு இருக்கும். முதலில் அங்கே போங்கள்.

பொறியியல் படித்துவிட்டு ஊரில் இருக்கிறேன். எக்செல்லில் பட்டியல் போட்டுத் தருவதாகத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு ரேஷன் அட்டைக்கு ஒரு வரிசை வைத்தால் சரியா?

சரிவராது. அடுப்புக்கு ஒரு வரிசை வையுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களைத்தான் ஒரு குடும்பம் என்று எடுக்கிறார்கள். அட்டை அப்படியில்லை. கல்யாணமாகித் தனியாகப் போன தம்பி அண்ணன் அட்டையிலேயே இருப்பான். கணவன் விட்டுப் போன மகள் அப்பா அட்டையில் இருப்பாள்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு சிற்றூரில், தெருவிளக்கு வெளிச்சத்தில், கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. ஒரு வீட்டில் ஒரு பெண் ஐந்து கொட்டை வைத்தார். கூட்டத்தில் எட்டு, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, “ஆயா அங்க இல்லையே, மாட்டுக் கொட்டாயிலதான தனியா ஆக்கித் திங்குது” என்றாள். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஐந்து கொட்டை வைத்த அதே பெண் ஒன்றை எடுத்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டம் வரைந்து அதில் வைத்தார். அவர் அந்த வீட்டு மருமகள்.

அந்த ஆயாவின் அரிசி மகன் அட்டையில் போய்க்கொண்டிருந்தது. முதியோர் உதவித்தொகை மனு, மகன் இருக்கிறான் என்று தள்ளுபடியாகியிருந்தது. காகிதத்தில் அந்த வீட்டில் குறையே இல்லை.

என்னென்ன கட்டம் வேண்டும் என்றால்: அடுப்பில் யார் யார், சம்பாதிப்பவர் எத்தனை பேர், படுத்த படுக்கையாக யாராவது உண்டா, கூரை என்ன, தண்ணீர் எங்கிருந்து, கடன் வங்கியிலா குழுவிலா வட்டிக்காரரிடமா, ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று இருக்கிறதா. அப்புறம் இந்த மூன்றை விட்டுவிடாதீர்கள்: வர வேண்டிய உதவி எது, மனு கொடுத்த தேதி, இப்போது அது யார் மேசையில் இருக்கிறது.

செயலி ஏதாவது செய்யலாமா?

பிறகு பார்க்கலாம். முதல் வருடம் எக்செல்லும் ஒரு நீளக் குயர் நோட்டும் போதும்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஊராட்சித் தலைவியாக இருக்கிறேன். வீடு கட்டும் திட்டத்துக்கு 2011 கணக்கெடுப்பில் பெயர் இல்லை என்கிறார்கள். உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர்கள் பட்டியலில் இல்லை. என்ன செய்வது?

தலைவரம்மா, நீங்கள் சொல்வது 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு. உழைக்கும் வயதில் ஆள் இல்லாத வீடு, பெண்ணே தலைமை தாங்கும் வீடு, நிலமில்லாமல் கூலியை நம்பும் வீடு என்று ஏழு குறைகளை வைத்து ஊரக வீடுகளைத் தரம் பிரித்தார்கள். அந்த ஏழும் நல்ல கேள்விகள்தான். ஆனால் மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டி இருந்தாலே வீட்டை வெளியே தள்ளும் விதியும் அதில் இருந்தது. டிவிஎஸ் எக்ஸெல்லில் மீன் கூடை கட்டி விற்கிறவரும் அதில் அடிபட்டார். அந்த விதியை வீட்டுத் திட்டத்தில் 2024-ல்தான் தளர்த்தினார்கள்.

பெரிய சிக்கல், அந்தக் கணக்கெடுப்பு 2011 நிலைமையிலேயே உறைந்துபோனது. ராஜஸ்தான், குஜராத், ஆந்திரக் கிராமங்களில் வீடு வீடாக விசாரித்த ஆய்வாளர் அனிருத் கிருஷ்ணா, ஒரே ஊரில் சில வீடுகள் வறுமையிலிருந்து ஏறும்போதே வேறு சில வீடுகள் அதற்குள் விழுவதைக் காட்டினார். விழுந்ததற்கு முக்கியக் காரணம் நோயும் மருத்துவச் செலவும். என் அனுபவமும் அதுதான். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்குப் போகிற வீட்டைப் பாருங்கள். மருந்தும் ஊசியும் இலவசமாகவே கிடைத்தாலும், வாரம் இரண்டு மூன்று நாள் நோயாளியும் போகவேண்டும், கூட ஒருவரும் போகவேண்டும். இரண்டு கூலி நிற்கிறது, பஸ் செலவு கூடுகிறது. ஆறு மாதத்தில் நகை போய்விடும். 2011-ல் அந்த வீடு நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் கையில் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வார்டு வாரியாக “இந்த இரண்டு மாதத்தில் எந்த வீடு வறுமையில் விழுந்தது?” என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டு வாருங்கள். அரசிடம் இருக்கும் பட்டியலை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். விடுபட்டவர்கள் பெயரோடு தீர்மானம் போட்டு அனுப்ப முடியும். அதே தீர்மானம் மற்ற எல்லா மனுக்களுக்கும் உதவும்.

தமிழ்நாட்டில் ஏழைகளே இரண்டு சதவீதம்தான் என்று நிதி ஆயோக் சொல்கிறது. பிறகு எதற்கு இவ்வளவு பாடு?

உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பல பரிமாண வறுமைக் குறியீட்டில் தமிழ்நாடு 2015-16-ல் 4.76 சதவீதம், 2019-21-ல் 2.20 சதவீதம். நல்ல முன்னேற்றம், சந்தோஷம். ஆனால் அது சில வீடுகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் மாதிரிக் கணக்கெடுப்பு. உங்கள் ஊரில் அந்த இரண்டு பேர் யார் என்று அது சொல்லாது. சதவீதம் குறையக் குறையத்தான் பெயர் தெரிந்தாக வேண்டும். ஊரில் பாதிப் பேர் ஏழை என்றால் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். ஐந்து வீடு மிச்சம் என்றால் அந்த ஐந்தும் கண்ணுக்குத் தெரியாத மூலையில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க மாநில அரசால் முடியாது, ஊராட்சியால்தான் முடியும்.

பாலக்காட்டில் வேலை பார்க்கிறேன். கேரளத்தில் அதிதீவிர வறுமை ஒழிந்துவிட்டது என்று 2025 நவம்பர் 1-ல் அறிவித்தார்களே, அதில் நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. அவர்களுக்கு இது பழைய பழக்கம். 1990-களில் ஆலப்புழை நகரத்தில் ஒன்பது அடையாளங்களை வைத்து ஏழை வீடுகளைக் கண்டுபிடித்தார்கள். கச்சா வீடு, நல்ல தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, இரண்டு வேளைக்கு மேல் சாப்பாடு இல்லை, வீட்டில் குடிநோயாளி இருப்பது, இப்படி. நான்கு பொருந்தினால் உதவி வேண்டிய வீடு. அக்கம்பக்கத்துப் பெண்களே பார்த்துச் சொல்லிவிடலாம், யாரிடமும் வருமானச் சான்று கேட்கத் தேவையில்லை. அந்த வழியில்தான் 1998-ல் குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் குழு அமைப்பு வந்தது.

2021-ல் தொடங்கிய திட்டத்தில் உணவு, உடல்நலம், வருமானம், வீடு என நான்கை மட்டும் பார்த்தார்கள். உள்ளாட்சிகள் வழியாக 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டு, குடும்பத்துக்கு ஒரு தனித் திட்டம் எழுதினார்கள். ஒருவருக்குச் சமைத்த சோறு, ஒருவருக்கு மாத்திரை, ஒருவருக்கு மூன்று சென்ட் நிலம். எல்லாவற்றுக்கும் முன்னால் அடையாள ஆவணங்கள்: ஆதாரோ ரேஷன் அட்டையோ இல்லாத இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முதலில் அதை வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அறிவிப்பின்மேல் கேள்விகளும் எழுந்தன. எந்த அளவுகோல், பழங்குடிக் குடும்பங்கள் முழுவதும் சேர்ந்தார்களா என்று பொருளாதார அறிஞர்களும் பழங்குடி அமைப்புகளும் கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விகள்தான். “ஒழிந்தது” என்று சொன்ன மறுநாளே ஒரு வீடு விழலாம். நம் மாநிலமும் 2024 பட்ஜெட்டில் தாயுமானவர் திட்டம் என்று ஐந்து லட்சம் பரம ஏழைக் குடும்பங்களைத் தூக்கிவிடப்போவதாகச் சொன்னது. அதில் உங்கள் ஊர்ப் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கிராம சபையில் ஊர்த்தெருக்காரர்கள்தான் பேசுகிறார்கள். காலனியிலிருந்து வருகிறவர்கள் ஓரமாக நின்றுவிட்டுப் போகிறார்கள். பட்டியல் எப்படி நியாயமாக இருக்கும்?

இருக்காது. அதனால்தான் சபைக்கு வருவதற்கு முன்பே பட்டியலில் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். காலனியில் வரைபடத்தைக் காலனித் தெருவிலேயே போடுங்கள். கூலிக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, ராத்திரி ஏழரைக்கு மேல். ஊர்த் தலைவர்கள் அன்று வரவேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். பெண்கள் தனியாகப் பேச ஒரு வேளை ஒதுக்குங்கள், ஆண்கள் முன்னால் குடியைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று அவர்களே பிரிக்கட்டும். பட்டியலைக் காலனிச் சுவரிலும் ஒட்டி, ஒரு வாரம் விட்டு, பிறகு சபைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. சபை முழுக்க “அவனுக்கு மாடி வீடு, அவன் பெயரை எடு” என்றே போய்விடும். தகுதியில்லாத பத்துப் பேரை எடுக்கப் போகும் நேரத்தில் விடுபட்ட ஒருவரைத் தேடலாம். எடுக்கும் வேலையைக் கடைசி அரைமணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி எல்லோருடைய விவரத்தையும் மேசையில் போடுவது சரியா? அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறதே?

இருக்கிறது. 2017-ல் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சட்டம் இருக்கட்டும், ஏழைக்கும் மானம் உண்டு. சபையில் பெயரையும், என்ன உதவி கேட்கிறோம் என்பதையும் மட்டும் படியுங்கள். நோய், கடன், குடி எதையும் வாசிக்கக் கூடாது. செவிலியரிடம் நோயின் பெயரைக் கேட்காதீர்கள், “இந்த வீட்டுக்கு ஒருமுறை போகலாமா?” என்று கேட்டால் போதும். போய் அந்த வீட்டாரிடமே கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். வாட்ஸப் குழுவில் பட்டியலைப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு பெண் இரண்டு மாதம் குழுக் கூட்டத்துக்கே வராமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறு நடக்க விடாதீர்கள்.

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன், அக்கா. இங்கே கவுன்சில்களும் இதையே செய்கின்றன, தெரியுமா?

கொஞ்சம் தெரியும். அங்கே முதியவர்களின் வாடகை உதவியும் கவுன்சில் வரித் தள்ளுபடியும் கவுன்சில் வழியாகவே போவதால், குறைந்த வருமானத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் உதவித்தொகை வாங்கத் தகுதியிருந்தும் கேட்காத முதியவர்களைத் தேடி எழுதுகிறார்கள். சில இடங்களில், பள்ளி இலவச உணவுக்குப் பெற்றோர் மனுப் போடாமலே பிள்ளையைச் சேர்க்கிறார்கள். மனுப் போடாமலே சேர்ப்பது, அதைப் பார்த்து எனக்கு ஆசையாக இருக்கிறது. நம் பெரியவர்கள் ஆங்கிலக் கடிதத்தைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். நீங்கள் தமிழில் ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.

பட்டியல் போட்டோம், மனுவும் கொடுத்தோம், தள்ளுபடி ஆகிவிட்டது. பிறகு பட்டியலால் என்ன பயன்?

அங்கேதான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். நான் சொன்ன அந்த மாட்டுக்கொட்டாய் ஆயாவுக்கு நாங்கள் மூன்று முறை மனு கொடுத்தோம். முதல் மனு பழைய காரணத்துக்கே தள்ளுபடி. இரண்டாவது மனு எங்கே போனது என்றே தெரியவில்லை, ஒப்புகைச் சீட்டு வாங்காதது எங்கள் தப்பு. மூன்றாவது மனுவோடு தனியாகச் சமைத்து வாழ்கிறார் என்ற கிராம சபைத் தீர்மான நகலையும், கோலப்பொடி வரைபடத்தைத் தாளில் வரைந்ததையும் வைத்து, ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். மருமகளும் கூட வந்தார். விசாரணைக்கு வந்தவரிடம், “ஆமாங்க, தனியாத்தான் இருக்காங்க, எங்களால முடியல” என்று அவரே சொன்னார்.

ஏழு மாதம் ஆனது, பணம் வந்தது. நோட்டில் அந்த வரிசையை நாங்கள் அடிக்கவில்லை. வர வேண்டிய உதவி என்ற கட்டத்தில் முதியோர் தொகைக்கு எதிரே தேதியைப் போட்டுவிட்டு, கீழே அடுத்ததை எழுதினோம்: கண்ணில் புரை, அறுவை சிகிச்சைக்கு யார் கூட்டிப்போவது?