ஆடு திருடிய அப்பாவை வைத்துச் சீனத் தத்துவம் படிக்கலாம்

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். பண்டைய சீனம் வந்தாலே அரச மரபுகளும் தத்துவப் பெயர்களும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. மனப்பாடம் செய்தாலும் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. எப்படிப் படிக்கலாம்?

பதில்: பட்டியலை மூடி வையுங்கள். கி.மு. 1046, 771, 221, 124. இந்த நான்கு ஆண்டுகள் போதும்.

1046-இல் (பொதுவாக ஏற்கப்படும் ஆண்டு) ஷாங் அரசைச் சௌ மரபினர் வீழ்த்தினார்கள். ஷாங் அரசர்கள் எதற்கெடுத்தாலும் குறி கேட்டவர்கள். அவர்களுடைய தலைநகரான அன்யாங்கில் கிடைத்த ஓர் ஆமை ஓட்டில், அரசி ஃபூ ஹாவோவின் பிரசவம் நல்லபடியாக ஆகுமா என்ற கேள்வி இருக்கிறது. 31 நாள் போன பிறகு, 'நல்லதாகவில்லை, பெண்' என்று முடிவையும் செதுக்கியிருக்கிறார்கள்! அவர்களைக் கவிழ்த்த சௌ அரசர்கள், 'கெட்ட அரசனிடமிருந்து வானம் தன் ஆணையைப் பறித்துக்கொள்ளும்' என்று நியாயம் சொன்னார்கள். 771-இல் அவர்களுடைய மேற்குத் தலைநகரே விழுந்தது. அரசவை கிழக்கே லுவோயாங் பக்கம் போனது. அதன்பின் அரசர் பெயருக்குத்தான். சிற்றரசுகள் அடித்துக்கொண்டன, 221-இல் சின் என்ற சிற்றரசு மற்ற எல்லாவற்றையும் விழுங்கும்வரை.

நீங்கள் குழம்பும் தத்துவவாதிகள் அத்தனை பேரும் இந்த 550 ஆண்டுகளுக்குள் அடக்கம். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: உடைந்த ஒழுங்கை எதைக் கொண்டு ஒட்டுவது?

இங்கே ஓர் ஆட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'எங்கள் ஊரில் நேர்மையான ஒருவன், அப்பா ஆடு திருடியதற்கு அவனே சாட்சி சொன்னான்' என்று ஒரு பிரபு பெருமைப்படுகிறார். கன்பூசியஸ் (கி.மு. 551–479) மறுக்கிறார்: 'எங்கள் ஊரில் மகனை அப்பா மறைப்பார், அப்பாவை மகன் மறைப்பான், நேர்மை அதிலேயே இருக்கிறது.' குடும்பப் பாசம் குலைந்தால் நாடும் குலையும் என்பது அவர் கணக்கு.

இரண்டரை நூற்றாண்டு கழித்து, சட்டவாதச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் அதே கதையை எடுக்கிறார். அவர் கதையில், அப்பாவைக் காட்டிக்கொடுத்த மகனுக்கு அமைச்சர் மரண தண்டனை கொடுத்துவிடுகிறார். அரசனுக்கு நேர்மையானவன் அப்பாவுக்குத் துரோகி. அப்பாவுக்கு நல்ல பிள்ளை அரசனுக்கு ஆகாதவன். இரண்டையும் புகழ்ந்துகொண்டு நாட்டை ஆள முடியாது, சட்டமும் தண்டனையும்தான் வழி என்கிறார். கன்பூசியத்துக்கும் சட்டவாதத்துக்கும் உள்ள சண்டை இந்த ஒரு ஆட்டில் அடங்கிவிடும். எல்லோரிடமும் ஒரே அன்பு காட்டச் சொன்ன மோ சூவையும், திருத்தப் போகும் கையே கெடுக்கிறது என்ற தாவோ வழியினரையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: தமிழ் நூல்களில் சின் (கி.மு. 221), சிங் (கி.பி. 1644) என்ற அரச மரபுப் பெயர்கள் அடிக்கடி இடம் மாறும், ஆண்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கடைசி ஆண்டான 124-இல், சின்னுக்குப் பின் வந்த ஹான் மரபின் பேரரசர் வூ, அதிகாரிகளாகப் போகிறவர்களுக்குக் கன்பூசிய நூல்களைக் கற்பிக்கக் கழகம் தொடங்கினார். சின் 15 ஆண்டில் கவிழ்ந்ததை எழுதும்போது, அதன் மாவட்ட நிர்வாகத்தையும் சட்டங்களையும் ஹான் பெருமளவு வைத்துக்கொண்டதையும் சேர்த்து எழுதுங்கள். விடைத்தாளில் பலர் விடுவது அதைத்தான்.