காயம் ஆறும்போது புது ரத்தக்குழாய் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று செல்களுக்கு எப்படித் தெரிகிறது?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற வீடு எங்களுடையது, அதனால் கத்தி பட்ட விரல் சிவந்து ஆறுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அந்தச் சிவப்புக்கு ஒரு காரணம், புதிதாக முளைக்கும் நுண்குழாய்கள்.

வெட்டுப்பட்ட இடத்தில் ஆக்சிஜன் குறைகிறது. சாதாரணமாக உடனுக்குடன் சிதைக்கப்படும் எச்ஐஎஃப் என்ற புரதம் அப்போது சிதையாமல் தங்கி, அங்குள்ள செல்களை விஇஜிஎஃப் என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்க வைக்கிறது. அது பரவிப் பக்கத்து ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களை எட்டுகிறது.

சரி, எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் கிளம்பினால் குழாயே கலைந்துவிடுமே? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். விஇஜிஎஃப்பை அதிகம் உணர்ந்த செல் தன் மேற்பரப்பில் டிஎல்எல்4 என்ற புரதத்தைக் கூட்டி, ஒட்டியிருக்கும் செல்லின் நாட்ச் என்ற ஏற்பியை, அதாவது சமிக்ஞையை வாங்கும் புரதத்தை, தூண்டுகிறது. தூண்டப்பட்ட செல் தன் விஇஜிஎஃப் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டு பின்னால் நின்று பெருகிக் குழாயின் தண்டாகிறது. அதைத் தூண்டிய செல்லோ நுனிச் செல்லாகி, மெல்லிய இழைகளை நீட்டி, நல்லமிளகுக் கொடி மரத்தைப் பற்றி ஏறுவது போல, விஇஜிஎஃப் கூடுதலாக இருக்கும் திசையில் ஊர்ந்து போகிறது. இந்தப் பதவி நிரந்தரமும் இல்லை, பின்னால் நின்ற செல் முந்திக்கொண்டு நுனிக்கு வருவதும் உண்டு.

அப்புறம் பிடிஜிஎஃப் என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் அழைக்க, பெரிசைட் செல்கள் வந்து புதுக்குழாயைச் சுற்றி உறுதியாக்கும்.

புற்றுக்கட்டி வளரவும் புதுக்குழாய்கள் வேண்டும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்களுக்குக் கண்ணில் போடும் சில ஊசிகள் தடுப்பதும் இதே விஇஜிஎஃப்பைத்தான்.