ஃபெல்லோ விடைபெற்ற பிறகு அவர் உட்கார்ந்திருந்த மேசையைப் போய்ப் பாருங்கள்

"பொதுச் சுகாதாரப் பணியாளர்களை உருவாக்க அரசுகள் நடத்தும் ஃபெல்லோஷிப் திட்டங்கள் உண்மையிலேயே பலன் தருகின்றனவா? அதை எப்படி அளப்பது?" என்பது கேள்வி.

அப்படியொரு இரண்டாண்டுத் திட்டத்தை மதிப்பிட்ட குழுவில் நான் இருந்திருக்கிறேன். எந்தத் திட்டம் என்பது இங்கே வேண்டாம். இத்தகைய திட்டத்தில் சேர்ந்து, ஓர் அலுவலகத்தில் வேலை செய்தபடியே பயில்பவரைத்தான் ஃபெல்லோ என்கிறேன். குழுவில் எனக்குக் கடைசி நாற்காலிதான்: நேர்காணல் எடுப்பது, பதில் அனுப்பாதவர்களை விடாமல் துரத்துவது, பெயர்ப்பட்டியல்களைச் சரிபார்ப்பது. ஆனால் எந்த எண் எங்கிருந்து வந்தது என்பது அந்த நாற்காலியில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

இத்தகைய திட்டங்களின் ஆண்டறிக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். இத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள், இத்தனை நோய்ப்பரவல்களை விசாரித்தார்கள், இத்தனை கட்டுரைகள் வெளியிட்டார்கள், பெரும்பாலானோர் திருப்தி என்றார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கும். பயிற்சியின் பலனை நான்கு படிகளாகப் பார்க்க வேண்டும் என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே எழுதிவிட்டார்: பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, கற்றதை வேலையில் காட்டினார்களா, அதனால் ஏதாவது மாறியதா. நான் படித்த அறிக்கைகளில் பல இரண்டாம் படியிலேயே மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டன.

தலையெண்ணும் பழக்கத்துக்கு மேலிருந்து ஒரு தூண்டுதலும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் கொண்டுவந்த கூட்டு வெளி மதிப்பீட்டுக் கருவி (நோய்ப்பரவலைச் சமாளிக்க ஒரு நாடு தயாரா என்று பார்க்கும் பட்டியல்), 2 லட்சம் மக்களுக்குப் பயிற்சி பெற்ற கள நோய்ப்பரவலியலாளர், அதாவது நோய் எப்படிப் பரவுகிறது என்று களத்தில் விசாரிப்பவர், ஒருவர் என்ற அளவைக் குறிப்பிடுகிறது. நாட்டில் ஆட்கள் போதுமா என்று பார்க்க நல்ல அளவுதான். அதையே ஒரு திட்டத்தின் வெற்றிக்கும் அளவாக வைத்தால் சான்றிதழ் அச்சாகும் வேகம் மட்டும் கூடும்.

சொன்ன நோக்கம் நிறைவேறியதா என்று மட்டும் பார்ப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இவ்வகைத் திட்டங்களுக்கு மூத்தது அமெரிக்காவின் நோய்ப்பரவல் புலனாய்வுப் பணி. கொரியப் போர்க் காலத்தில், எதிரி கிருமிகளை ஏவிவிடுவானோ என்ற அச்சம் பரவியிருந்த 1951இல், நோய்ப்பரவலியல் நிபுணர் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கியது. இரண்டு ஆண்டு, வகுப்பறை குறைவு, களம் அதிகம். அடியில் ஓட்டை விழுந்த ஷூதான் இன்றுவரை அவர்களின் சின்னம். 1954இல் ஒரு மதிப்பீட்டுக் குழு உள்ளே போய், "எத்தனை கிருமித் தாக்குதல்களைக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டிருந்தால் பதில் பூஜ்யம். திட்டத்தை மூடச் சொல்லியிருப்பார்கள். அடுத்த ஆண்டே, புதிதாக வந்த போலியோ தடுப்பூசி போட்ட குழந்தைகளில் சிலருக்கு வாதம் வந்தது. கோளாறு ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் தயாரிப்பில் இருக்கிறது என்பதைச் சில நாட்களில் அடையாளம் காண உதவியவர்கள் இதே திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள்தான். ஒரு நோக்கத்துக்காக வளர்த்த திறமை வேறொன்றுக்குக் கைகொடுத்தது. 1980இல் தாய்லாந்து இதே வழியில் ஒரு திட்டம் தொடங்கியது. பிறகு பல நாடுகள். இன்று மூன்று மாத அடிப்படைப் பயிற்சியும் இருக்கிறது, இரண்டாண்டு உயர்நிலைப் பயிற்சியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

இனி எண்கள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு வருகிறேன்.

முதலாவது, தேர்வு. நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்துச் சிலரே உள்ளே வரும் இடத்தில், வருபவர் ஏற்கெனவே கெட்டிக்காரர். ஐந்து ஆண்டு கழித்து அவர் உயர்ந்த பதவியில் இருந்தால், அது பயிற்சியின் பெருமையா, தேர்வுக்குழுவின் கூர்மையான கண்ணா? கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குச் சற்று மேலே இருந்து உள்ளே வந்தவர்களையும், சற்றுக் கீழே நின்று வாய்ப்பிழந்தவர்களையும் ஒப்பிட்டால் ஓரளவு விடை கிடைக்கும். ஆனால் ஓர் ஆண்டில் சேரும் அணியில் இருப்பதே கொஞ்சம் பேர். பல ஆண்டு அணிகளைச் சேர்த்தால்தான் கணக்கு நிற்கும். வாய்ப்பிழந்தவர்களைப் பேசவைப்பதும் எளிதல்ல. "என்னை வேண்டாம் என்றவர்களுக்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயம்தானே.

இரண்டாவது, சுயமதிப்பெண். சேர்ந்த முதல் வாரத்தில் "ஒரு நோய்ப்பரவலைத் தனியாக விசாரிக்க உங்களால் முடியுமா?" என்றால் பத்துக்கு எட்டு போடுகிறார். இரண்டு ஆண்டு களத்தில் அலைந்த பிறகு அதே கேள்விக்கு ஆறு போடுகிறார். திறமை குறைந்துவிட்டதா? இல்லை, விசாரணை என்றால் என்ன என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. மனத்தில் இருந்த அளவுகோல் நீண்டுவிட்டது. அதனால் பயிற்சி முடிவில் ஒரே தாளில் "அன்று எப்படி இருந்தீர்கள், இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று இரண்டையும் கேட்கும் முறை வந்தது. அதில் தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொள்ளும் சபலம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது எங்களையே விழவைத்தது. முன்னாள் ஃபெல்லோக்களில் எத்தனை பேர் இன்னும் அரசுப் பணியில் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு எடுத்தோம். விகிதம் பிரமாதமாக வந்தது. கூட்டத்தில் கைதட்டல்கூடக் கிடைத்தது. அன்று இரவு பட்டியலைத் திரும்பப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: கேள்வித்தாள் போனது அவர்களுடைய அலுவலக மின்னஞ்சல் முகவரிகளுக்கு. பணியை விட்டவருக்கு அந்த முகவரியே இருக்காது. போய்ச் சேராமல் திரும்பிய அஞ்சல்களை, விகிதம் காண வகுக்கும் மொத்த எண்ணிக்கையிலிருந்து யாரோ கழித்தும் விட்டிருந்தார்கள். அதாவது, வீட்டில் இருப்பவர்களின் கதவை மட்டும் தட்டிவிட்டு, "எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தோம். மறுபடி தனிப்பட்ட எண்களைத் தேடிப்பிடித்து எடுத்த கணக்கு அவ்வளவு அழகாக இல்லை.

தவிர, பணியில் நீடிப்பதே வெற்றி என்பதும் எனக்கு முழுதாக உடன்பாடில்லை. வேறு வேலை கிடைக்காமல் நீடிப்பவரும் உண்டு, வெளியே போய் அதே துறைக்குப் பெரும் உதவி செய்பவரும் உண்டு.

அந்த மதிப்பீட்டில் நான் கற்றது எந்த அட்டவணையிலும் இல்லை. ஃபெல்லோக்கள் பணியாற்றிய இரண்டு அலுவலகங்களுக்கு, அவர்கள் விடைபெற்று ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு போனேன்.

முதல் அலுவலகத்தில் இருந்தவர் அந்த அணியின் நட்சத்திரம். வயிற்றுப்போக்கு நோயாளிகளின் வாராந்திர எண்ணிக்கையை வண்ண வரைபடமாகக் காட்டும் ஓர் எக்செல் கோப்பு செய்து, ஆண்டு மாநாட்டில் பரிசு வாங்கியவர். அந்தக் கோப்பைக் காட்டச் சொன்னேன். கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில் இருந்தது. கோப்பு திறந்தது. கடைசியாக நிரப்பிய வரிசை, அவர் விடைபெற்ற வாரம். அதற்குக் கீழே யாரோ ஒருமுறை முயன்று ஒரு நெடுவரிசையை அழித்துவிட்டிருந்தார்கள். கட்டங்கள் முழுவதும் பிழைக்குறி. "நல்ல பிள்ளை. அவர் இருந்தவரை எல்லாம் ஓடியது," என்றார் அதிகாரி. குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார்.

இரண்டாவது அலுவலகத்தில் இருந்தவருக்கு வழிகாட்டி எழுதிய குறிப்பு: "மேடையில் பேசத் தடுமாறுகிறார்." மதிப்பெண்ணும் சுமார்தான். அங்கே தகவல் பதிவு செய்யும் அம்மா ஒருவர் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வந்து காட்டினார். ஒரு நோயாளிக்கு ஒரு கட்டம் என்று பென்சிலால் அடுக்கிய நோய்ப்பரவல் வரைபடங்கள், பக்கம் பக்கமாக. "முன்பு தகவல் எங்களுக்கு வந்த தேதியைத்தான் எழுதுவோம். நோய் தொடங்கிய தேதியைக் கேட்டு எழுதுங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்," என்றார். அந்த ஃபெல்லோ போன பிறகு, வெவ்வேறு நாட்களில் வந்த ஆறு தகவல்களும் ஒரே நாளில் தொடங்கிய நோய் என்பதை இந்த அம்மா நோட்டில் பார்த்து மேலே சொல்லியிருக்கிறார். விசாரித்ததில் எல்லோரும் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்தவர்கள். எங்கள் மதிப்பெண் தாளில் இதை எழுதக் கட்டமே இல்லை.

அதன் பிறகு எந்த ஃபெல்லோஷிப்பைப் பற்றி யார் கேட்டாலும் நான் பார்க்கச் சொல்வது அந்த மேசையைத்தான். ஃபெல்லோ வருவதற்கு முன், இருக்கும்போது, போன பிறகு என்று மூன்று காலங்களிலும் அலுவலகத்தின் பதிவேடுகளை எடுத்து, நோய் தலைகாட்டியதற்கும் யாராவது கவனித்ததற்கும் இடையே எத்தனை நாள், கவனித்ததற்கும் மேலே தெரிவித்ததற்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணலாம். கண்டறிய 7 நாள், தெரிவிக்க 1 நாள், முதற்கட்ட நடவடிக்கைகளை முடிக்க 7 நாள் என்ற 7-1-7 இலக்கு 2021இல் முன்வைக்கப்பட்டது. இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஓர் அலுவலகத்தில் நிகழ்வுகள் சிலவே இருக்கும் என்பதால் சராசரி போட்டு மார்தட்டக் கூடாது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அலுப்பான வேலை.

இன்னொன்றையும் அந்த மேசையில்தான் பார்க்க முடியும். ஆண்டுதோறும் சம்பளச் செலவில்லாமல் ஒரு படித்த ஆள் வருகிறார் என்றால், அலுவலகம் நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமலே தள்ளிப்போடும். ஆவணத்தில் "இங்கே ஃபெல்லோவின் பங்களிப்பு இன்றியமையாதது" என்று இருக்கும். அந்த வரியைப் படித்தவுடன் காலிப் பணியிடப் பட்டியலைக் கேளுங்கள். இதையெல்லாம் திட்டத்தை நடத்துபவர்களே மதிப்பிட்டால் கேட்க மாட்டார்கள். ஃபெல்லோவும் பயிற்சிக் காலத்தில் வாய் திறக்க மாட்டார், அவருக்குப் பரிந்துரைக் கடிதம் தேவை. முடித்து ஆறு மாதம் போன பிறகு வெளியாள் ஒருவர் பேசினால் வேறு கதை வரும்.

இதைப் படிப்பவர்களில் சிலர் இப்படிப்பட்ட ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்க இருப்பவர்களாக இருக்கலாம். நேர்காணலின் கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். எனக்கு முன் இருந்தவர் தொடங்கிய வேலையை இப்போது யார் செய்கிறார் என்று கேளுங்கள். தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னால் சேரலாம்.